தில்லைநாதன் மரண அறிவித்தல்

என் அண்ணர் சிற்றம்பலம் தில்லைநாதன் ஸ்காபரோவில் காலமானபோது, அந்தச் செய்தியை வானொலிக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடும்பத்தில் எனக்கு மூத்தவர் எவரும் இனி இல்லை. அண்ணரின் மகன் குகநேசன், எங்களுக்குக் குகன், நல்ல பிள்ளை. ஆனால் யார் பெயருக்குப் பின்னால் யார் பெயர் வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அது தெரியாதவர்கள் எழுதிய அறிவித்தல்களால் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் இந்த நகரத்தில் நிறைய உண்டு.

மரண அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரர். அதில் பெயர் இருப்பவர் குடும்பம். இல்லாதவர் குடும்பம் இல்லை. புலம்பெயர்ந்த இடத்தில் எங்களுக்கு வளவும் இல்லை, வேலியும் இல்லை. இந்த அறிவித்தல்தான் வேலி.

அண்ணருக்கு ஒரு மகளும் உண்டு. பெயர் சுகிர்தா. சில வருடங்களுக்கு முன்னர் அவள் ஜெயசீலன் என்பவனைத் திருமணம் செய்துகொண்டாள். படித்தவன், நல்ல உத்தியோகம், குடிப்பழக்கம் இல்லை. அவனும் எங்கள் ஊர்தான். சிக்கலும் அதுதான். அவன் வீட்டார் யார், நாங்கள் யார் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அவர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்ததில்லை. நாங்கள் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. கலியாணத்துக்குப் போகவேண்டாம் என்று அண்ணரிடம் நான் சொன்னேன். அவர் போகவில்லை.

ஆகவே அறிவித்தலில் சுகிர்தாவின் பெயரை நான் எழுதவில்லை. மறதியாலும் அல்ல, கோபத்தாலும் அல்ல. மகளின் பெயரைப் போட்டால் அடுத்த வரியில் மருமகனின் பெயரும் வரவேண்டும். அந்த வரியை எழுத எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். எனக்கு முன்னே இருந்த எவரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் வானொலி என்பது நான்கு சிறிய பெட்டிகள். கம்பி கிடையாது. ஹாலில் ஒன்று, குசினியில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. குளியலறைக்கும் ஒன்று வேண்டும் என்று மகன் வைத்துவிட்டுப் போனான். உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் வரும் தமிழ் வானொலி அதில் கேட்கும். நாங்கள் கேட்பது செவ்வழி வானொலி மட்டும். பெட்டிகளுக்குள் 'இசைவு' என்றொரு மென்பொருள் இருந்தது. அது கேட்பவரின் விருப்பத்தை அறிந்து நிகழ்ச்சியைப் பொருத்திக் கொடுக்கும் என்றார்கள். எனக்குப் பிடிக்காத குத்துப் பாட்டுகள் கொஞ்சக் காலத்தில் நின்றுபோயின. அவ்வளவுதான் அதன் வேலை என்று நினைத்திருந்தேன்.

அறிவித்தல் காலையில் வாசிக்கப்பட்டது. நான் ஹாலில் இருந்து கேட்டேன். செல்வச்சந்திரனின் குரல், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் கேட்டுவரும் அதே குரல், நான் எழுதியதை எழுதியபடி வாசித்தது. "குகநேசனின் பாசமிகு தந்தையும், வத்சலாவின் அன்பு மாமனாரும், கவினின் அன்புப் பாட்டனாரும், சபாநடேசனின் மூத்த சகோதரரும் ஆவார்." சபாநடேசன் நான்.

என் மனைவி தவமணி குசினியிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நல்ல காரியம் செய்தியள்," என்றாள்.

"செய்யவேண்டியதைச் செய்தனான்," என்றேன்.

எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அண்ணரின் உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் முதலில் என் கையைப் பிடித்தவன் பரமானந்தம். எங்கள் மாமன் மகன். பிறந்ததிலிருந்து சத்தமாகவே பேசுபவன்.

"சபா, காலமை றேடியோவிலை கேட்டனான். ஒரு பேர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொண்ணர் போனாலும் அந்த வீட்டிலை ஒரு முதுகெலும்பு மிச்சம் கிடக்கு எண்டு சனம் கதைக்குது."

"சனம் என்னத்தையும் கதைக்கும். போய் இரு."

"இருக்கத்தான் போறன். ரெண்டாம் வரிசையிலை என்ரை கதிரையை ஆரோ பிடிச்சிட்டாங்கள். அதைத்தான் சொல்ல வந்தனான்."

அவன் போனபின் இரத்தினேஸ்வரி ரீச்சர் கைத்தடியுடன் வந்தார். அண்ணருடன் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் உம்மைப் பிழையாய் நினைச்சிட்டன். காலமை அந்தப் பிள்ளையின்ரை பேரைக் கேட்டோடனை எனக்கு அழுகை வந்திட்டுது."

"எந்தப் பிள்ளை, ரீச்சர்?"

"சுகிர்தாதான். மருமோன்ரை பேரையும் சேத்தெல்லோ போட்டனீர். தில்லைநாதன் மாஸ்டர் கேட்டிருந்தால் எழும்பி வந்திருப்பார்."

ரீச்சருக்கு வயது கூடிவிட்டது என்று எண்ணிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அப்போது வாசலில் சுகிர்தா நின்றாள். பக்கத்தில் ஜெயசீலன். இருவருக்கும் நடுவில் அவர்களுடைய மகள் ஆதிரை. மண்டபமே அவர்கள் பக்கம் திரும்பியது. சுகிர்தா நேரே என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, நீங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவியள் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை."

"நான் எப்ப கூப்பிட்டனான்?"

"றேடியோவிலை. அப்பான்ரை மகள் எண்டு சொல்லிச்சினம். இவரின்ரை பேர், ஆதிரையின்ரை பேர், எல்லாம் சொல்லிச்சினம். நான் மூண்டுதரம் கேட்டனான். பிறகுதான் வெளிக்கிட்டனாங்கள்."

"சொல்லாமல் விட்டிருந்தால்?"

"வந்திருக்க மாட்டன். வாசல்லை வைச்சுத் திருப்பி அனுப்புவியள் எண்டு எனக்குத் தெரியாதே?"

அவளுக்கு என்னைச் சரியாகத் தெரிந்திருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. 'நான் அப்படி எழுதவில்லை' என்று ஒரு வசனம் சொன்னால் போதும். மண்டபம் முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் செத்தவரைக் கிடத்தி வைத்துக்கொண்டு அவர் முன்னால் வழக்குப் பேசுவது எங்கள் வீட்டு முறை இல்லை. நான் ஒதுங்கி வழி விட்டேன்.

கிரியையின்போது பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். மண்டபத்துக்குள் நெருப்புக்கு அனுமதி இல்லாததால் பற்றரி விளக்குப் பொருத்திய பந்தம். குகனின் மகன் கவின் ஒரு பக்கம் நின்றான். மறுபக்கம் ஆதிரை நின்றாள். ஐயர் அவளிடம் ஒன்றைக் கொடுத்தபோது எவரும் தடுக்கவில்லை. பரமானந்தம் என் காதருகே குனிந்தான்.

"என்னடாப்பா இது? பேர் இல்லாத வீட்டுப் பிள்ளை பந்தம் பிடிக்குது?"

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. மண்டபத்தில் பாதிப் பேர் ஓர் அறிவித்தலைக் கேட்டிருந்தார்கள். மற்றப் பாதிப் பேர் வேறோர் அறிவித்தலைக் கேட்டிருந்தார்கள். இரண்டின் கீழும் என் பெயர் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தவமணியைக் கேட்டேன்.

"நீ காலமை என்ன கேட்டனீ?"

"என்ன கேக்கிறது? நீங்கள் எழுதினதைத்தான்."

"சுகிர்தாவின்ரை பேர் வந்ததோ?"

"இதென்ன விசர்க்கேள்வி. வந்தபடியாத்தானே அழுதனான். உங்களைப் புகழ்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன்."

அந்த அறிவித்தல் மணிக்கொரு தடவை மறுபடி வாசிக்கப்பட்டது. அடுத்த தடவை நான் ஹாலிலும் அவள் குசினியிலும் இருந்து கேட்டோம். இரண்டு பெட்டிகளும் ஒன்றாகத் தொடங்கின. பெற்றோர் பெயர்வரை ஒரே குரலாக வந்தன. பிள்ளைகளின் வரியில் பிரிந்தன. என் பெட்டி வாசித்து முடித்து அரிசி விளம்பரத்துக்குப் போனபோது குசினிப் பெட்டி இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. மூன்று பெயர்களின் நீளத்துக்கு அது பிந்தியிருந்தது. நான் எழுந்து குசினி வாசலுக்குப் போனேன். என் காலடி கேட்டதும் இரண்டும் பாட்டுக்கு மாறின.

செவ்வழி வானொலி ஒரு பிளாசாவின் மாடியில், மரக்கறிக் கடைக்கு மேலே இருந்தது. செல்வச்சந்திரன் தனியே இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அண்ணரிடம் படித்தவர்.

"என்ரை எழுத்திலை இல்லாததை நீர் ஏன் வாசிச்சனீர்?" என்று கேட்டேன்.

"ஐயா, நான் வாசிக்கவே இல்லை. என்ரை குரல்தான் வாசிச்சது. குரலை ஒருக்கா வாங்கி வைச்சிருக்கினம். இப்ப அது தானாக் கதைக்கும்."

"அப்ப நீர் இஞ்சை என்ன செய்யிறீர்?"

"தேத்தண்ணி போடுவன். உங்களைப் போல ஆரும் சண்டைக்கு வந்தால் கதைப்பன். இருங்கோ, உங்களுக்கும் போடுறன்."

எனக்கு ஒரு கோப்பையை வைத்துவிட்டு அவர் சொன்னார். முதலில் இந்த மென்பொருளை விளம்பரத்துக்குத்தான் எடுத்தார்களாம். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தந்த வீட்டார் வாங்கக்கூடியதை மட்டும் சொல்லும். பெட்டி அறையைக் கேட்டபடியே இருக்கும். எந்தச் சொல்லுக்கு ஒருவர் எழுந்து போகிறார், எதற்குச் சத்தத்தைக் குறைக்கிறார், எதற்கு மூச்சை அடக்குகிறார் என்று பார்த்துவைக்கும். அடுத்த தடவை அந்தச் சொல்லை விட்டுவிடும்.

"பேந்து செய்திக்கும் விட்டம். போன தேர்தலிலை ரெண்டு பகுதிக்கும் வெற்றி, ஐயா. அவையவையின்ரை வீட்டிலை. ஒருத்தரும் றேடியோவை நிப்பாட்டேல்லை. முந்தி எத்தினை பேர் ரெலிபோன் எடுத்து ஏசுவினம்! இப்ப ஒரு சத்தம் இல்லை."

"செத்தவீட்டுக்கும் விட்டனீரோ?"

"நாங்கள் விடேல்லை. வேண்டாம் எண்டு சொல்லவும் இல்லை. அது எல்லாத்தையும் ஒரேமாதிரித்தான் பாக்கும்."

"நான் எழுதாத பெயர் அதுக்கு எங்காலை கிடைச்சது?"

"பிறந்தநாள் வாழ்த்து, கலியாண வாழ்த்து, அரங்கேற்றம், எல்லாம் எங்கடை களஞ்சியத்திலை கிடக்கு. ஆரின்ரை மகள் ஆரைக் கட்டினவ எண்டு அதுக்கு உங்களையும் என்னையும்விட நல்லாத் தெரியும். சுகிர்தாவைக் குடும்பத்திலை சேத்துப் பாக்க விரும்பின வீடுகளுக்கு அது சேத்து வாசிச்சிருக்கு."

"என்ரை பேரிலை பொய் சொல்லியிருக்கு."

செல்வச்சந்திரன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பொய் எண்டு சொல்ல ஏலாது, ஐயா. அவ மகள்தானே?"

"அப்ப நான் எழுதினதுதான் பொய் எண்டு சொல்லுறீரோ?"

"ஐயையோ, நான் ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அந்தியேட்டிக்கு அழைப்பு அறிவித்தல் கொடுக்கவேண்டியிருந்தது. முப்பத்தோராம் நாள் கிரியையும் மதிய போசனமும் கோவில் மண்டபத்தில். அதையும் பெட்டிகளின் விருப்பத்துக்கு விட்டால் குடும்பம் சந்தி சிரிக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே எழுத்தாகப் போக வழி இல்லையா என்று கேட்டேன்.

"ஒரு வழி இருக்கு. பனிப்புயல் எச்சரிக்கை, தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடிக்கச் சொல்லுறது, அதுகளைப் பூட்டி அனுப்புறனாங்கள். பூட்டினால் மென்பொருள் தொடாது. மாஸ்டருக்காகச் செய்து தாறன். ஆனால் ஐயா, யோசிச்சு எழுதுங்கோ. இந்தமுறை எல்லாருக்கும் ஒண்டுதான் கேக்கும். விருப்பம் உள்ள ஆக்களுக்கும் கேக்கும், விருப்பம் இல்லாத ஆக்களுக்கும் கேக்கும்."

அன்று பின்னேரம் தாளை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். தவமணி மேசையைத் துடைக்கும் சாட்டில் என்னைச் சுற்றி வந்தாள்.

"என்ன எழுதப்போறியள்?"

"இன்னும் எழுதேல்லை."

"பேரை எடுத்துவிட்டியள் எண்டால் இந்தமுறை அவவுக்கும் கேக்கும். மகள் எண்டு கூப்பிட்டு, வந்து அழவிட்டு, பேந்து மகள் இல்லை எண்டு சொல்லுறது. அதுக்குக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம்."

"நான் கூப்பிடேல்லை."

"உங்கடை பேரிலைதானே கூப்பிட்டது."

அவள் சொன்னது சரி. அந்தத் திருமணத்தைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை, இன்றுவரை மாறவில்லை. ஆனால் ஊர் பார்த்த ஒன்று நடந்திருந்தது.

"அவளின்ரை பிள்ளை பந்தம் பிடிச்சது," என்றேன்.

"ஓம்."

"ஐயர் குடுத்து, எல்லாரும் பாக்கப் பிடிச்சது."

"ஓம்."

"பந்தம் பிடிச்ச பேரப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லாமல் எழுத ஏலாது. செய்த கிரியையும் எழுதிற எழுத்தும் ஒண்டாய் இருக்கவேணும். அது ஒழுங்கு."

"உங்கடை ஒழுங்கு நீடூழி வாழட்டும்," என்றாள் தவமணி. அண்ணர் போனபின் அவள் சிரித்தது அப்போதுதான்.

எழுதினேன். 'குகநேசன், சுகிர்தா ஆகியோரின் பாசமிகு தந்தையும், வத்சலா, ஜெயசீலன் ஆகியோரின் அன்பு மாமனாரும், கவின், ஆதிரை ஆகியோரின் அன்புப் பாட்டனாரும்.' ஜெயசீலன் என்று எழுதும்போது பேனாவின் மை ஒன்றும் வற்றிவிடவில்லை.

அறிவித்தல் போகும் நாளில் சட்டையை மாற்றிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். அழைப்பை எல்லாரும் கவனமாகக் கேட்கவேண்டும் என்று குகன் முன்கூட்டியே உறவினர்களுக்குச் சொல்லியிருந்தான். செல்வச்சந்திரனின் குரல் தொடங்கியது. ஊர், பெற்றோர், துணை. பிறகு, "குகநேசனின் பாசமிகு தந்தையும், வத்சலாவின் அன்பு மாமனாரும்" என்றது.

குசினியில் தவமணி, "நல்லா எழுதியிருக்கிறியள், ஒரு குறை சொல்ல ஏலாது," என்று சொல்வது கேட்டது.

செல்வச்சந்திரனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பூட்டினனீரோ?"

"பூட்டித்தான் அனுப்பினது, ஐயா. இஞ்சை நான் இருந்து பாத்தனான். ஒரே எழுத்துத்தான் போனது."

"எனக்குப் பெயர் கேக்கேல்லை."

மறுமுனையில் அவர் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பூட்டு எங்கடை பக்கம், ஐயா. பெட்டி உங்கடை பக்கம். கடைசி வேலையை உங்கடை ஹாலிலை இருக்கிற பெட்டிதான் செய்யிது. அதுக்கு உங்களைத் தெரியும். அந்தப் பேர் வாற இடத்திலை உங்கடை மூச்சு மாறுது போலை."

"அட, நானே எழுதினது!"

"எழுதினது கை, ஐயா. அது மூச்சைத்தான் கேக்குது."

"அப்ப பனிப்புயல்?"

"அதுவும் சில வீட்டிலை கேக்கிறேல்லையாம். போன குளிர்காலம் ஒரு மனிசன் நல்ல வெய்யில் எண்டு கேட்டுக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர். வசந்தத்திலைதான் கண்டெடுத்தவை. நாங்கள் அதை வெளியிலை கதைக்கிறேல்லை."

தொலைபேசியை வைத்ததும் அது மறுபடி அடித்தது. பரமானந்தம்.

"சபா! கேட்டனான். நீ நீதான்! செத்தவீட்டிலை வந்து ஒட்டினதைச் சத்தம் போடாமல் வெட்டிவிட்டாய். அந்தியேட்டிக்கு எங்கடை பகுதி முழுக்க வாறம். அவையள் வந்தாலும் நீ ஒண்டும் யோசியாதை. மண்டப வாசல்லை நான் நிப்பன். ஒரு கரைச்சலும் இல்லாமல் திருப்பி அனுப்புவன்."

"பரமானந்தம், பேர் போட்டிருக்கு."

"என்ன பேர்?"

"சுகிர்தாவின்ரை பேர். ஜெயசீலன்ரை பேர். நான்தான் எழுதினனான்."

அவன் சிரித்தான். "மச்சான், என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான். தவமணி பக்கத்திலை நிக்கிறா போலை, என்ன? விளங்குது, விளங்குது. நீ அவவுக்காகச் சொல்லு. றேடியோவிலை சொன்னதை ரெலிபோனிலை மாத்த ஏலாது."

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். அறிவித்தல் என்பது பொதுவில் சொல்லப்பட்டது. தொலைபேசியில் ஒரு மனிதன் என்னவும் பேசுவான்.

சுகிர்தா வீட்டில் பெயர் கேட்டிருக்கும். பிள்ளைக்குச் சட்டை உடுத்தி, புருஷனையும் கூட்டிக்கொண்டு, அழைக்கப்பட்டவளாக அந்தியேட்டிக்கு வருவாள். வாசலில் பரமானந்தம் நிற்பான். இரண்டு பேரும் என் சொல்லை நம்பித்தான் அங்கே வருவார்கள்.

குகனைக் காரை எடுத்துவரச் சொன்னேன். பரமானந்தம் வீடு, அவன் தம்பிமார் வீடுகள், எனக்குக் கைகொடுத்துப் பாராட்டிய மற்றவர்களின் வீடுகள், எல்லாவற்றுக்கும் போகவேண்டும் என்றேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா, எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்டால் காணாதோ?"

"அதை ஆர் வாசிச்சுச் சொல்லுறது? பெட்டிதானே?"

"ஓம்."

"அப்ப காரை எடு."

பரமானந்தம் வீட்டின் மணியை அடித்தேன். குகன் காரில் இருந்தான். பரமானந்தம் சாரமும் கம்பளிச் சட்டையுமாகக் கதவைத் திறந்தான்.

"சபா! இந்தக் குளிருக்குள்ளை என்ன? உள்ளுக்கு வா. பெண்டாட்டி இப்பத்தான் வடை சுட்டவ."

"இல்லை. சொல்லிப்போட்டுப் போறன்."

"என்னத்தை?"

நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். "யாழ்ப்பாணம் ஆலடிப்புலத்தைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்டிருந்த சிற்றம்பலம் தில்லைநாதன் அவர்களின் அந்தியேட்டிக் கிரியைகள்…"

பரமானந்தத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முகம் மாறியது. பக்கத்து வீட்டு யன்னல்களைப் பார்த்தான்.

"சபா, நிப்பாட்டு. என்ன வேலை பாக்கிறாய்? வாசல்லை நிண்டு இழவு சொல்லுறியோ?"

"ஓம்."

"ஊரிலை இது ஆரின்ரை வேலை எண்டு மறந்துபோனியோ?"

"மறக்கேல்லை."

"அவன் ஜெயசீலன்ரை அப்பப்பான்ரை வேலை! உன்ரை கொப்பர் செத்தண்டைக்கும் அந்தாள்தான் எங்கடை வாசல் படலையடியிலை வந்து நிண்டு சொன்னது. படலையைத் தாண்டி ஒரு அடி வைக்கேல்லை."

"தெரியும். அதுதான் நானும் உள்ளுக்கு வரேல்லை."

அவன் முதுகுக்குப் பின்னால், சூடான ஹாலில், வானொலி மணிக்கொரு தடவை வாசிக்கும் அறிவித்தலைத் தொடங்கியிருந்தது. செல்வச்சந்திரனின் குரல் அவன் வீட்டுக்கு ஏற்றபடி எங்கள் குடும்பத்தைச் சொல்லிக்கொண்டு போனது.

இடையில் யாராவது மறித்தால் முதலிலிருந்து தொடங்கிச் சொல்வதுதான் ஜெயசீலனின் அப்பப்பாவின் முறை. நானும் முதலிலிருந்து தொடங்கினேன். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், துணை. பெட்டி எனக்கு முன்னே போய், முடித்து, ஏதோ நகைக்கடையைப் பற்றிப் பேசத் தொடங்கியது. நான் அவசரப்படவில்லை. குகநேசன், சுகிர்தா ஆகியோரின் பாசமிகு தந்தையும் என்றேன். வத்சலா, ஜெயசீலன் ஆகியோரின் அன்பு மாமனாரும் என்றேன். கவினையும் ஆதிரையையும் சொன்னேன். நாள், நேரம், கோவில் மண்டபத்தின் முகவரி சொன்னேன். மூச்சு மாறியதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குளிரில் எல்லாருடைய மூச்சும் புகையாகத்தான் வரும்.

"இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்" என்று முடித்தேன்.

பரமானந்தம் பதில் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. இழவு சொல்ல வந்தவருக்குப் பதில் சொல்லும் வழக்கம் ஊரிலும் இருந்ததில்லை. படிகளில் பனி உறைந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்து இறங்கி, தொப்பியைப் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டின் முகவரியைக் குகனிடம் சொன்னேன்.